உறை எண் ஒன்று

என் வேலை என்ன என்று கேட்டவர்களில் ஒரே தடவையில் புரிந்துகொண்டவர் அப்பா மட்டும்தான். மாமா, சித்தி, கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். வாய் வலித்ததுதான் மிச்சம். அப்பா காது கொடுத்துக் கேட்டார்.

ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரிடம் சாமான் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பாஷை வேறு. நடுவில் நாங்கள். இவர்கள் அனுப்பும் ஆர்டரை வாங்கி, எந்தக் கட்டத்தில் எது வர வேண்டுமோ அதை அங்கே வைத்து, ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் வரிசை எண் எழுதி அவர்களுக்கு அனுப்புவோம். உறை என்றால் காகித உறை இல்லை. எல்லாமே எழுத்தும் எண்ணுமாகக் கம்பி வழியே போவது. மனிதர் கை படாது.

"அப்ப நீயும் போஸ்ட்மேன்தான்," என்றார் அப்பா. "வெயில் இல்ல, நாய் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்தவர். நாய்க்கடி இரண்டு தடவை வாங்கியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் அவருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடக்க மாட்டேன் என்று பிடிவாதம். அதனால் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். வயிற்றில் ஒரு குழாய். ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும், சில மணி நேரம் கழித்து உடம்பின் கழிவோடு வடிக்க வேண்டும், அடுத்த பையை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு பை. ஒவ்வொரு பையையும் நோட்டில் குறிக்க வேண்டும். இந்தக் குறிக்கும் வேலையில் அப்பாவுக்குக் கொள்ளை சந்தோஷம்.

மாதம் பத்தாம் தேதி பெட்டிகள் வரும். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அப்பாவுக்கான ஆர்டரை எங்களுக்கு அனுப்பும், நாங்கள் மருந்துக் கம்பெனிக்கு அனுப்புவோம், அவர்களுடைய வேன் அப்பாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆர்டரில் பெயர் இருக்காது, நோயாளி எண்தான். அந்த ஏழு இலக்கமும் எனக்கு மனப்பாடம். தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அப்பா சொல்லுவார்: "எனக்கு மருந்து வர்றதே எம்பொண்ணு கை வழியாத்தான்."

போன மாதம் மூன்றாம் தேதி அலுவலகத்தில் பழைய சர்வரை மாற்றிப் புதியதை வைத்தோம். எங்கள் மேனேஜருக்குப் பச்சைக்கொடி என்று பெயர் வைத்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் "போலாம், போலாம்" என்பார். அன்றும் போலாம் என்றார். ஆர்டர் போகும் ஒவ்வொரு பாதைக்கும் உறை எண் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று புதிய மெஷின் கேட்டது. மருத்துவமனை வார்டுகளுக்கு, மருந்துக் கடைகளுக்கு எல்லாம் பழைய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததைப் போட்டேன். வீட்டு நோயாளிகளுக்கான பாதை கடைசியில் இருந்தது. சின்னப் பாதை, பதினேழு பேர்தான். பழைய எண்ணைத் தேடாமல், ஏற்கனவே கட்டத்தில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். கட்டத்தில் இருந்தது ஒன்று.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் உறை எண் ஒன்றை ஆறு வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டது. இரண்டையும் மூன்றையும் வாங்கிவிட்டது. அதே எண்ணில் மறுபடி ஓர் உறை வந்தால், தவறிப்போய் இரண்டாம் முறை அனுப்பிவிட்டார்கள் என்று எடுத்து ஓரமாகப் போட்டுவிடும். ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை சாமான் போகக் கூடாது என்று செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஓரமாகப் போடுவதற்கு முன், உறை வந்து சேர்ந்த அந்த நொடியிலேயே, "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் அனுப்பிவிடும். எங்கள் திரையில் பச்சை டிக் விழும்.

"ஆர்டரை ஏற்றோம்" என்று இரண்டாவது பதில் ஒன்றும் உண்டு. அதைப் பார்க்க இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, பெட்டி இன்னும் வரலியே."

நான் திரையைப் பார்த்தேன். அப்பாவின் எண்ணுக்கு எதிரே பச்சை. "அஞ்சாம் தேதியே போயிடுச்சுப்பா. வாங்கிட்டோம்னு அவங்க பதிலும் வந்திருக்கு. வேன் லேட்டா இருக்கும்."

"அப்ப சரி. கையில ஸ்பேர் இருக்கு."

எப்போதும் ஒரு வாரத்துக்கான பைகளைத் தனியே எடுத்து வைத்திருப்பார். எனக்கும் அது தெரியும். அதனால் மனசில் ஒன்றும் தட்டவில்லை.

பதினைந்தாம் தேதி மறுபடி போன். மறுபடி பச்சையைப் பார்த்துச் சொன்னேன்.

"வாங்கிட்டோம்னு கையெழுத்துப் போட்டவன் பிரிச்சுப் பார்த்தானாம்மா?" என்றார். "ரிஜிஸ்டர் தபால்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். கையெழுத்தப் போட்டு வாங்கி அலமாரி மேல வெச்சிடுவான். ஆறு மாசம் கழிச்சுப் பிரிக்காமயே கெடக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் வந்து நொட்டை சொல்கிறாரே என்ற எரிச்சல். "இது கம்ப்யூட்டர்பா. ஆளுங்க மாதிரி அலமாரி மேலல்லாம் வெக்காது," என்றேன்.

வைத்திருந்தது. அலமாரி மேல்தான் வைத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்," என்று நானும் ஒப்புக்குச் சொன்னேன்தான். அதற்கு அவர் சிரித்தார். "நீ இருக்கும்போது அவங்க எதுக்கு? கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையவா?"

மூன்றாவது போன் பத்தொன்பதாம் தேதி. நான் மீட்டிங்கில் இருந்தேன். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அப்பா மூச்சு வாங்கினார். மாடிப்படி ஏறிவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் வீட்டில் மாடியே கிடையாது.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. சும்மா கேட்டேன்."

"போயாச்சுப்பா. நூறு தடவை சொல்லிட்டேன். இப்ப நான் என்ன, பெட்டியத் தலையில தூக்கிட்டு வரவா?"

"வேணாம் வேணாம். நீ வேலையப் பாரு."

இதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. எத்தனையோ நாள் அவரோடு கொஞ்சிப் பேசியிருக்கிறேன், அதெல்லாம் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. இது மட்டும் வருகிறது. ஞாயிறுதோறும் போகிறவள், அந்த ஞாயிறு புது மெஷினைச் சாக்கு வைத்துப் போகவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் எதிர்வீட்டு டெய்லர் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு நாளாக உட்கார்ந்தே தூங்கினாராம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் தெரிந்தது.

வந்து பார்த்த டாக்டர் நோட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் தபாலாபீஸ் கையெழுத்து, ஒரு எழுத்து கோட்டைத் தாண்டாது. பதின்மூன்றாம் தேதி வரை நான்கு பை. பதினான்காம் தேதி மூன்று. பிறகு இரண்டு, இரண்டு. பிறகு ஐந்து நாள் ஒவ்வொன்று. இருபத்திரண்டாம் தேதிக்கு எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும்.

"ஏன் இப்படிக் குறைச்சார்? யார்கிட்டயும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

நோட்டைத் திரும்ப வாங்கி மூடினேன். பொய் சொல்லவில்லை என்று பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். அன்றைக்கே மருந்துக் கம்பெனியிலிருந்து போன். அங்கே இருக்கும் அம்மாவை நாங்கள் ஹலோ அக்கா என்போம். ஒரு வாக்கியத்துக்கு மூன்று ஹலோ போடுவார்.

"ஹலோ, உங்க வீட்டு நோயாளிங்க ஆர்டர் பதினேழும் எங்க பக்கம் டூப்ளிகேட்னு ஒதுங்கிக் கெடக்கு. ஹலோ? நம்பர் ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிருக்கீங்களே, ஏங்க? ஏன் இத்தனை பேர் போன்ல கேக்கறாங்கன்னு தோண்டிப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது."

"பேஷன்ட்டுங்க?" என்றேன்.

"நல்லவேளைங்க. பதினாறு பேரு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சண்டை போட்டு அப்பவே வாங்கிட்டாங்க. ஹலோ, ஒருத்தர் மட்டும்தான் கேக்கவே இல்ல."

கேட்கவே இல்லையாம். மூன்று தடவை கேட்டார். மற்றவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி இருந்தது. அவருக்குப் பாவம், மகள் இருந்தாள்.

பச்சைக்கொடி வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா போன துக்கத்தில் இருப்பவளிடம் கோபப்படக் கூடாது என்று நினைத்தார் போல. "விடும்மா, யானைக்கும் அடி சறுக்கும். வாங்கினவங்க பதினாறு பேர் ஆர்டரையும் அழிச்சிடு. அந்த ஒருத்தருக்கு மட்டும் சரியான நம்பர் போட்டு அனுப்பு." பிறகு தவறு அறிக்கையின் படிவத்தைத் திறந்து, பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை என்ற கட்டத்தைக் காட்டினார். "இதுல சைபர் போடு. அந்த ஆளுதான் கேக்கவே இல்லையே."

நான் ஒன்று என்று போட்டேன்.

"யாரு?"

ஏழு இலக்கத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "எங்க அப்பா," என்றேன். நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

அவர் போனபிறகு பதினாறு உறைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசி உறை அப்பாவுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து ரத்துச் செய்தி இன்னும் வரவில்லை. அந்த உறையையும் நானே அழித்திருக்கலாம், அதுதான் முறை. ஆனால் மூன்று தடவை கேட்ட மனிதருக்கு ஒரு தடவைகூட அனுப்பாமல் எப்படி அழிப்பது? சரியான எண்ணைப் போட்டு அனுப்பினேன். பச்சை டிக் வந்தது. இந்தத் தடவை அந்த இன்னொரு பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான்கு நிமிஷத்தில் வந்தது: ஆர்டரை ஏற்றோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மேஜை மேல் தலையை வைத்து அழுதேன்.

ஐந்தாம் நாள், அப்பாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. ஆறு வருஷமாக வரும் அதே டிரைவர். முதல் மூன்று பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், காலி நாற்காலியைப் பார்த்து நின்றார்.

"ஐயா இல்லீங்களா?"

சொன்னேன். பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன மாசமே என் லிஸ்ட்ல ஐயா பேரு இல்லீங்க. ஊருக்குப் போயிட்டாரோன்னு நினைச்சேன்," என்றார். கண் கலங்கியிருந்தது, கூடவே கோபமும் இருந்தது. "என் நம்பர் செவுத்துல எழுதி வெச்சிருக்காரே, பாருங்க. ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே கொண்டாந்து போட்டிருப்பேனே. ஏன் பண்ணல? யாருக்குமே ஒரு போன் பண்ணலையா மனுஷன்?"

சுவரில் அந்த எண் இருந்தது. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், என் எண்.

"எனக்குப் பண்ணினாரு," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, பெட்டிகளைக் காலாவதித் தேதி வெளியே தெரியும்படி திருப்பி, அப்பா எப்போதும் சொல்லும் மூலையில் அடுக்க ஆரம்பித்தார்.