மைக் அக்கா

கடை திறப்பதற்கு முன்னால் அவள் மைக் மேசையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பாள். பிறகு சுவரைப் பார்த்தபடி 'ம்ம்ம்' என்று முனகி, அந்த முனகலை மெல்ல மெல்ல மேலே ஏற்றுவாள். நெஞ்சில் கிடக்கும் குரலைத் தொண்டைக்கும், தொண்டையிலிருந்து பல்லுக்குப் பின்னாலும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நின்றுவிட்டால் அன்றைய பொழுது தப்பித்தது. முகத்தை ஒட்ட மழித்து, பவுடர் போட்டு, குரல்வளை துருத்துவது தெரியாமல் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் வாயே திறக்காமல் வருவதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன வேலை. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அவளுக்கு ஆடை பாதிதான், மீதி முழுக்கக் குரல்.

மூன்று மாடித் துணிக்கடை அது. அடித்தளத்துக் குடோனில் வருடக்கணக்காக மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவளை மேலே கொண்டுவந்தவள் பில் போடும் பெண். முன்பிருந்த அறிவிப்பாளர் வேலையை விட்டதும், இந்த அக்காவைப் பேசச் சொல்லிப் பாருங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, தடுப்புக்குப் பின்னால்தானே உட்காரப் போகிறாய், சரி என்றார். நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற அறிவிப்புகளை அவள் குரலில் பதிவு செய்துகொண்டார்கள். தொலைந்த பிள்ளை, வழியை மறித்து நிற்கும் வண்டி இதையெல்லாம் அவளே நேரில் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

கடைப் பெண்கள் அவளை மைக் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த 'அக்கா'வைக் காதில் வாங்குவதற்காகவே தாகமில்லாமல் தண்ணீர் பிடிக்க எழுந்து போவாள். அல்ப சந்தோஷம்தான். கிடைக்காமல் கிடந்தவளுக்கு அதுவே விருந்து.

சொந்த ஊரில் தங்கச்சியோடு அம்மா இருந்தாள். பார்வை போய் ரொம்ப நாளாகிவிட்டது. பிள்ளையைக் குரலில்தான் அடையாளம் வைத்திருந்தாள். ஒரே ஒருமுறை அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, புதுக்குரலில் 'அம்மா' என்று போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும்மா நீ, ராங் நம்பர் என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள். தங்கச்சிக்கு எல்லாம் தெரியும். தனியாக இருந்தால் அக்கா என்பாள், அம்மா பக்கத்தில் இருந்தால் அண்ணே என்பாள். அதனால் மத்தியானம் ஆனால் அவள் கடையின் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, பழைய குரலில் அம்மாவிடம் பேசிவிட்டு வருவாள். சின்ன வயதுச் சட்டையை மறுபடி மாட்டிக்கொள்வது மாதிரி அக்குளில் பிடிக்கும். ஆனாலும் ஒருநாள் பேசாமல் இருக்க முடியாது.

அன்று கடையில் எள் போட்டால் கீழே விழாது. அம்மாவைத் தொலைத்த ஒரு சின்னப் பெண் மேசைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றது. அவள் மைக்கில் அதன் சட்டை நிறத்தைச் சொல்லி முடிக்கும்போதே கடை போன் அடித்தது. தங்கச்சிதான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷனுக்கு எல்லாம் தயார், பிள்ளை குரலைக் கேட்காமல் உள்ளே போகமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை அம்மாவின் காதில் வைத்துவிட்டாள்.

மொட்டை மாடிக்கு ஓட ஏது நேரம்? அவள் மேசை மேல் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். மைக் ஸ்விட்சை அணைக்கவில்லை என்பது நினைவில் இல்லை.

"அம்மா, நான்தான். பயப்படாம உள்ள போ. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

அந்தப் பழைய குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு நிறையப் பேர். தொலைந்த பெண்ணின் அம்மா ஓடி வந்தவள், தடுப்பை எட்டிப் பார்த்ததும் மகளின் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா கம்பியை விட்டுவிட்டாள், உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். அப்போதுதான் அவள் மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் சத்தம் போடாமலே வயிற்றில் அடிப்பார்கள்.

"உன் மேல கோவம் இல்ல. ஆனா வர்றவங்க எல்லாம் தடுப்பை எட்டி எட்டிப் பாக்கிறாங்க. நாளையிலேருந்து குடோனுக்கே போயிடு."

"பதிவு பண்ணினதெல்லாம், சார்?"

"அது ஓடட்டும். அதுல நல்லாத்தானே இருக்கு."

பில் போடும் பெண் மட்டும் வாதாடிப் பார்த்தாள். உன் பில்லைப் பார் என்று பதில் வந்தது.

குடோனில் அக்கா கிடையாது. 'ஏய்' உண்டு, 'இந்தா' உண்டு. அம்மா வீடு திரும்பிய பிறகு மத்தியானப் பேச்சு மறுபடி தொடங்கியது. அதற்கு இப்போது மொட்டை மாடி தேவைப்படவில்லை. ஊரே கேட்டாகிவிட்டது, இனி யாரிடம் மறைப்பது? மூட்டைகளுக்கு நடுவில் நின்றே பேசினாள். அப்படி ஒருநாள், வலி குறைந்ததா, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கூரையில் இருந்த ஒலிபெருக்கி பேசியது.

"அன்பு வாடிக்கையாளர்களே, கூட்டம் அதிகமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள்."

அம்மா பேச்சை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"யாரு ராசா அந்தப் பொண்ணு?"

"கடையில வேலை பாக்கிற பொண்ணும்மா."

"என்ன இதமாப் பேசுது. பெத்தவ குடுத்து வெச்சவ."

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தவித்தது. நெஞ்சிலிருந்து தொண்டைக்கும், தொண்டையிலிருந்து பல்லுக்குப் பின்னாலும் வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

"வெச்சிடாதம்மா," என்றாள் பழைய குரலில். "கொஞ்ச நேரத்துல அது மறுபடி பேசும்."

வாசலில் லாரி வந்து நின்றது. ஏய், சரக்கு இறக்க வா என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் மூட்டை மேல் ஏறி நின்று, போனை ஒலிபெருக்கிக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.