மாலை போட்ட சர்வர்

எங்கள் முதலாளி கோதண்டபாணி சாருக்குச் சாமி பக்தி அதிகம். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தான் செய்ததைத் தூக்கி அடுத்தவன் தலையில் போடுவதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆபீஸ். மொபைல் ஆப் செய்து கொடுக்கிறோம். யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. காசு கேட்கிற எதையும் சார் தொடமாட்டேன் என்றார். என் டீமில் இருக்கும் ஹம்மாத், காசில்லாமல் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸில் ஒன்றைத் தேடிப் பிடித்து, எங்கள் சர்வரில் ஏற்றி, எங்களுக்குத் தோதாக மாற்றியும் கொடுத்தான். திரையில் ஒரு போர்டு, ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கார்டு, அதன் மேல் பொறுப்பானவர் பெயர். சாருக்கு ஒரே சந்தோஷம். உடனே சட்டம் போட்டார்: போர்டில் இல்லாத வேலை வேலையே இல்லை. போட்ட கார்டை அட்மினைத் தவிர யாரும், தான் உட்பட, அழிக்க முடியாதபடி பூட்டும் போட வைத்தார். அட்மின் ஹம்மாத். எங்கள் அமெரிக்க கஸ்டமரும் தினம் சாயங்காலம் அந்தப் போர்டைத் திறந்து பார்ப்பார்.

ஆயுத பூஜையன்று சார் சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தடிமனான சாமந்தி மாலையைச் சுற்றினார். காற்று போகிற ஓட்டையெல்லாம் பூவுக்குள் மறைந்துவிட்டது.

"சார், மாலைய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம். இல்லன்னா ஆஃப் பண்ணிடலாம். சூடாயிடும்" என்றான் ஹம்மாத்.

"கஸ்டமர் பாக்கணும், ஆஃப் பண்ணாத. நாளைக்கு மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் கை வைக்கவும் கூடாது. உனக்கு இதெல்லாம் புரியாது."

ஹம்மாத் முகம் சுருங்கிப் போனது. பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் தீய்ந்த வாடை. சர்வர் செத்துக் கிடந்தது. ஹம்மாத் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, தான் எடுத்து வைத்திருந்த பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றினான். மதியத்துக்குள் போர்டு பழையபடி ஹால் டிவியில் தெரிந்தது.

மூன்று மணிக்கு சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீம் லீட் நான்.

"நிலா, சாயங்காலத்துக்குள்ள அந்த ஹம்மாத் ஐடி கார்டை வாங்கிடு. ஓசில எதையோ கொண்டாந்து மாட்டுனான், எரிஞ்சிடுச்சு. ஆளை அனுப்பிட்டோம்னு கஸ்டமருக்குச் சொல்லணும்."

"மாலை போட்டது நீங்க சார்."

"சாமி காரியத்தைக் குத்தம் சொல்லாத."

சாமியா வந்து சர்வர் மூச்சை அடைத்தது? அடுத்த மாதம் நிக்காஹ் வைத்திருக்கிறவனை வேலையை விட்டுத் துரத்த, இந்த மனுஷருக்குச் சாமி ஒரு சாக்கு. வெளியே வந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற ஹம்மாத் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். ஐடி கார்டைக் கழற்றி என் மேசையில் வைத்தான்.

"வுடு நிலா. வேற எங்கனா பாத்துக்கறேன்."

"அப்படியே நில்லு. எங்கயும் போகாத."

போர்டைத் திறந்து புது கார்டு போட்டேன். கஸ்டமருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே அடித்தேன்: 'சர்வர் மேலிருந்த மாலையை எடுப்பது. ஹம்மாத் முன்பே எச்சரித்தும் எடுக்க விடவில்லை. சர்வர் எரிந்தது. பொறுப்பு: கோதண்டபாணி.'

டிவியில் பெரிசாக வந்தது. பக்கத்து சீட்டு பாலு அதன் கீழே, 'நானும் பார்த்தேன்' என்று எழுதினான். அவனைப் பார்த்து அன்புச்செல்வி எழுதினாள். பிறகு ஹாலில் கீபோர்டுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

சார் அறையிலிருந்து ஓடி வந்தார். கஸ்டமர் பார்க்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"யாரு போட்டது இதை? அழி! உடனே அழி!"

"என்னால முடியாது சார். உங்களாலயும் முடியாது. நீங்க போட்ட சட்டம்."

"அப்போ அட்மினைக் கூப்பிடு!"

மேசைமேல் கிடந்த ஐடி கார்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நீங்களே கூப்பிடுங்க சார். அங்கதான் நிக்கிறான்."