செங்கல்லை நகர்த்தியவர்கள்

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் மாமியார். தையல் இயந்திரத்தின் முன்னால் முக்காலியில், தைக்கத் துணி ஒன்றும் இல்லாமலே மிதிபலகையில் காலை வைத்தபடி, தையல்காரனான புருஷன். ஜன்னல் விளிம்பில், வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கொழுந்தன். இரும்புப் பெட்டியின் மேல், முதுகு சாயாமல், விடுமுறைக்கு வந்திருந்த, புருஷனுக்கு மூத்தவளான நாத்தனார். நடுவே தரையில் சப்பணம் போட்டு, மடியில் பரீட்சை அட்டையும் அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளுமாக, யாருக்காக அந்தக் கூட்டம் கூடியிருந்ததோ அவள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலும் அவள் பெயர் விசில்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். சலவைக்கூடத்துக்கு வெளுக்க வந்த விளையாட்டுச் சட்டைகளை ஒரு நாள் மைதானத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போனாள். இரண்டு தொழிற்சாலைகளுக்கு இடையே கால்பந்து ஆட்டம். நடுவர் வரவில்லை. யாரோ ஒருவர், "நீங்க சும்மாதானே நிக்கறீங்க?" என்று அவள் கையில் விசிலைத் திணித்துவிட்டார். மிக்ஸியை நிறுத்தச் சொல்லிக்கூட வீட்டில் மூன்று தடவை கத்த வேண்டியவள், அன்றைக்கு ஒரு ஊது ஊதினாள். இருபத்திரண்டு ஆண்கள் அப்படியே நின்றார்கள். வீட்டுக்கு வந்து சட்டைக் கணக்கைச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "நான் நடுவர் ஆகப்போறேன்."

அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு. சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் சிரித்து முடித்தார்கள். விதிப் புத்தகத்தை இஸ்திரி மேஜையின் ஓரத்தில் வைத்துப் படித்து, எழுத்துத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். ஓட்டத்தில்தான் வம்பு. நானூறு மீட்டரைத் தொண்ணூறு வினாடிக்குள் ஓட வேண்டும். முதல் தடவை நூற்றெட்டு. அடுத்தது நூற்று நாலு. மூன்றாவது நூற்றொன்று.

மூன்று முறை தவறியவர்களை நடுவர் சங்கம் சும்மா கூப்பிடுவதில்லை. இப்போது எத்தனை வினாடியில் ஓடுகிறார் என்று கைப்பட ஒரு கடிதம் எழுதி, வீட்டார் இருவரின் சாட்சிக் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாலாவது வாய்ப்புக்கு அழைப்பார்கள், அல்லது அழைக்க மாட்டார்கள். ஐந்தாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. கடிதத்தை அன்றே பதிவுத் தபாலில் சேர்த்தாக வேண்டும். தபால் நிலையம் ஒரு மணிக்குப் பூட்டிவிடும்.

ஆனால் விசில் கவலைப்படவில்லை. ஆறு மாதமாகத் தினமும் விடிந்ததும் கிடங்குச் சுவரை ஒட்டிய நேர்த்தெருவில் ஓடுகிறாள். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, புருஷன் தன் தையல் நாடாவால் குனிந்து குனிந்து அளந்து வைத்த செங்கல் வரைக்கும் நானூறு மீட்டர். அந்த அளவையில் பிடித்த இடுப்பு வலிக்கு அவன் மூன்று நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டான். ஓடுவதற்கு முன் அவள் சாமியிடம் ஒரே ஒரு வரி சொல்வாள்: "இன்னிக்கு அரை வினாடி குறைச்சுக் குடு." சாமியும் குறைத்துக்கொண்டே வந்தது. இந்த வாரம் எண்பத்தெட்டு.

"எண்பத்தெட்டு வினாடி" என்று எழுதி, பேனாவை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணி, இங்க ஒரு கையெழுத்து."

நாத்தனார் பேனாவை வாங்கவில்லை. அவள் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் பதினேழு வருஷமாகக் குமாஸ்தா.

"நீ ஓடி நான் பார்த்தேனா?"

"இவர் பார்த்தாரே, தினமும் வாட்ச் பிடிச்சார்."

"அவன் பார்த்தா அவன் போடட்டும். வண்டி மேடையில ஏறாம நான் சீட்டு கிழிச்சதில்ல. வா, அந்தக் கல்லை முதல்ல காட்டு."

தையல் இயந்திரத்தின் சக்கரம் தானாக ஒரு சுற்று சுற்றியது. புருஷனின் கால் நழுவியிருந்தது.

"கல்லை எதுக்குக்கா பார்க்கணும்? கல்லு கல்லு மாதிரிதான் இருக்கும்," என்றான் அவன்.

"ஏன்டா உனக்கு வேர்க்குது?"

"வெயில்."

"வீட்டுக்குள்ளயா?"

விசில் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்திய பார்வை. அவன் இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை.

"ஒரு முழம்தான். ஞாயித்துக்கிழமை மட்டும்."

"என்ன ஒரு முழம்?"

"கல்லை... இந்தப் பக்கமா... கொஞ்சம். ஓடி வந்து நின்னு நேரத்தைக் கேட்டதும் உன் மூஞ்சி தொங்கிப் போகுது. எனக்கு அதைப் பார்க்க முடியல. ஒரு வாரம் சிரிச்சியா, அப்புறம் அடுத்த வாரமும் சிரிக்கட்டுமேன்னு..."

மாமியார் நாற்காலிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள்.

"நீயுமாடா?" என்றாள் மகனிடம், மெதுவாக.

"அத்தை!"

"கத்தாத. கடைக்குப் போய்ட்டு வரும்போது காலால லேசா ஒரு தள்ளு. எப்பவாவது ஒரு நாள்தான். நீ மூச்சு வாங்கிட்டு வந்து நிக்கறதைப் பார்த்தா எனக்கு நெஞ்சு படபடங்குது. கல்லு கிட்ட இருந்தா சீக்கிரம் வந்துடுவியேன்னு நினைச்சேன். தப்பா?"

கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணி, நல்ல குடும்பத்துல வந்து மாட்டினீங்க! பாசத்தைக் காட்ட ஒருத்தருக்கும் வேற வழியே தெரியல." சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். "ஒரு நிமிஷம். செங்கல்லா? சிவப்பா, ஒரு மூலை உடைஞ்சு, சுவரை ஒட்டி இருக்குமே, அதுவா?"

"ஏன்?" என்றாள் விசில்.

"அது வேன் நிறுத்தற இடத்துல கிடந்துச்சு. டயருக்கு இடிக்குதேன்னு எடுத்துத் தள்ளிப் போட்டேன்."

"எவ்வளவு தள்ளி?"

"அண்ணி, வேனு பெரிய வேனு."

விசில் எழுந்தாள். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் மஞ்சள் அட்டையை உருவினாள். பழைய கோப்பு உறையை வெட்டிச் செய்தது. மாமியாருக்கு ஒரு தடவை காட்டினாள். கொழுந்தனுக்கு ஒரு தடவை. புருஷனுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு, சற்று யோசித்து, இன்னொரு தடவையும் காட்டினாள். இரண்டு மஞ்சள் என்றால் வெளியே போக வேண்டும். அவன் மறுபேச்சு பேசாமல் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

அப்புறம் தரையில் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆறு மாசமா தினமும் சாமிக்கு நன்றி சொல்லிட்டு வரேன். இத்தனை நாளா நான் யாருக்குச் சொல்லிட்டிருந்தேன்? வேனுக்கா?"

கடிதத்தை நாலாக மடித்துப் பரீட்சை அட்டைக்கு அடியில் தள்ளினாள். "அனுப்ப வேணாம். என்னால முடியாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல."

"கோடு தாண்டுச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்ற வேலைக்குப் போறவ," என்றாள் நாத்தனார், பெட்டியிலிருந்து இறங்கியபடி. "ஒரு கல்லு உன்னைத் தேடி நடந்து வந்திருக்கு, அதைப் பார்க்கலையே நீ."

"ஓடறவ கல்லைப் பார்ப்பாளா? வாட்ச்சைப் பிடிச்சிட்டு நிக்கற மனுஷனைத்தான் பார்ப்பா."

"சரி, அழறதுன்னா அளந்துட்டு அழு. டேய், வெளிய நிக்கறவனே! உன் நாடாவை எடு."

"நான் வெளியேற்றப்பட்டவன்க்கா."

"மாற்று ஆளா உள்ள வா."

மறுபடியும் நாடாவை வைத்துக் குனிய அவன் இடுப்பு சம்மதிக்கவில்லை. ஆகவே துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, பத்து மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டார்கள். ஒரு முனையைக் கொழுந்தனும் மறு முனையைப் புருஷனும் பிடித்தார்கள். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் புருஷன் தையல் சுண்ணக்கட்டியால் சுவரில் கோடு போட்டான். நாத்தனார் சத்தமாக எண்ணினாள். மாமியார் குடை பிடித்துக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமல், எல்லாருக்கும் நடுவில் நடந்தாள். செங்கல் வந்தபோது முப்பத்தேழு கயிறும் ஆறு மீட்டரும் ஆகியிருந்தது.

"இருபத்துநாலு குறையுது," என்றாள் நாத்தனார். செங்கல்லைத் தானே தூக்கிக்கொண்டுபோய், மீதியையும் அளந்து, சரியான இடத்தில் வைத்து, அதன் மேல் ஒரு காலையும் வைத்தாள். "வாட்ச்சை இப்படிக் குடு. இனி யாரும் கிட்ட வரக் கூடாது. விசிலு, போ, தொட்டிகிட்ட நில்லு."

"எதுக்கு அண்ணி? அதான் தெரிஞ்சு போச்சே."

"எனக்குத் தெரியலையே. ஓடு."

பதினொன்றே முக்கால் வெயில். புருஷனின் பழைய சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு விசில் தொட்டிக்குப் போனாள். வழக்கமாகச் சொல்லும் வரி வாய்க்கு வரவில்லை. குறைத்துக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? பிறகு முணுமுணுத்தாள்: "கல்லை இவங்க தொடாம நீ பார்த்துக்கோ. காலை நான் பார்த்துக்கறேன்."

ஓடினாள். முதல் நூறு மீட்டர் கோபத்தில் போயிற்று. அடுத்த நூறு, பழக்கத்தில். மூன்றாவது நூறில் தொடை கல்லாக இறுகியது; வழக்கமாக இந்த இடத்தில்தான் புருஷன் கையை ஆட்டுவான். இன்று ஆட்டவில்லை, நாத்தனார் ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவன் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆடாமல் இருக்க முடியாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். பழைய செங்கல் இருந்த இடம் கடந்தது. அதற்கப்புறம் இருந்த இருபத்துநாலு மீட்டரை அவள் கால் இதுவரை அதிகம் பார்த்ததில்லை. அது முடியவே இல்லை. முடிந்தது.

"தொண்ணூத்தி நாலு."

விசில் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மாமியார் குடையைக் கடைசியில் ஒருத்தருக்குப் பிடித்தாள்.

"நாலு வினாடி," என்றாள் விசில். "நாலு அதிகம்."

"போன தேர்வுல எவ்வளவு?" என்றாள் நாத்தனார்.

"நூத்தியொண்ணு."

"இன்னிக்கு முழுசா நானூறு. நான் காலை எடுக்கல. அப்ப நூத்தியொண்ணுல ஏழு குறைஞ்சிருக்கு." நாத்தனார் தம்பிகளையும் அம்மாவையும் வரிசையாகப் பார்த்தாள். "சொல்லுங்க. இந்த ஏழு வினாடியை யாரு நகர்த்தினது?"

"நான் இல்லப்பா," என்றாள் மாமியார் அவசரமாக.

"வேன் இல்ல," என்றான் கொழுந்தன்.

புருஷன் தலையைப் பெரிதாக, இல்லை என்று ஆட்டினான்.

விசில் தன் கால்களைப் பார்த்தாள். புழுதியும் வேர்வையுமாக, சுண்டு விரலில் பழைய காய்ப்போடு, அவை நடுங்கிக்கொண்டிருந்தன. நன்றி சொல்ல இன்னும் பாக்கி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. மூச்சு வாங்கியதில் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

"மணி என்ன?" என்றாள்.

"பன்னெண்டு ஆகப் போகுது."

"பேனா எங்க?"

வீட்டுக்கு வந்ததும் புதுத் தாள் எடுத்தாள். கொழுந்தன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, தொண்ணூறுன்னு ரவுண்டா போட்டுடுங்க. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு, எப்படியும் வந்துடுவீங்க."

"தொண்ணூத்தி நாலுன்னு போட்டா கூப்பிடாமலே விட்டுடுவாங்களோ?" என்றான் புருஷன். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"விடலாம்."

"அப்புறம்?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த பந்தை கோல்னு சொல்லவா நான் விசில் வாங்கினேன்? கூப்பிட்டா போவேன். இல்லன்னா ஏன் கூப்பிடலைன்னு கேட்டு எழுதுவேன். நாளைக்குக் காலைல எப்படியும் ஓடத்தான் போறேன். நீங்க வாட்ச் பிடிங்க, கல்லுல அண்ணி சிமென்ட் பூசிட்டுத்தான் ஊருக்குப் போவாங்க."

கடிதம் நீளமாக இல்லை.

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். மூன்று முறை ஓட்டத்தில் தவறிய நான் நாலாவது வாய்ப்பு கேட்டு எழுதுகிறேன். இன்று நண்பகலில், அளந்து சரிபார்த்த நானூறு மீட்டரைத் தொண்ணூற்று நான்கு வினாடியில் ஓடினேன். இதற்கு முன் எண்பத்தெட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது என் வீட்டாரின் அன்பினால் வந்த பிழை. தேர்வு நாளுக்குள் மீதமுள்ள நான்கு வினாடியையும் குறைத்துவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. அதற்கான உழைப்பையும் செய்கிறேன். தாங்கள் அழைத்தால் வருவேன்."

"அன்புன்னு எழுதிட்டியே," என்று மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "பிழைன்னும் எழுதிட்ட."

"ரெண்டும் நிஜம்தானே அத்தை."

முதல் சாட்சியாக நாத்தனார், தேதியும் மணியும் நிமிடமும் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கையெழுத்துக்கு மூவரும் கை நீட்டினார்கள்.

"மஞ்சள் ஒண்ணோட நின்னவங்க போடலாம்," என்றாள் விசில். மாமியார், மகன்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் போட்டாள்.

புருஷனுக்கு உறை ஒட்டும் வேலை கிடைத்தது. சட்டைக் காலருக்குப் பசை வைப்பதுபோல ஓரம் பிசகாமல் தடவி, மடித்து, உள்ளங்கையால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தான். போதும் என்று யாரும் சொல்லாததால் வேனில் ஏறிய பிறகும் அழுத்திக்கொண்டே வந்தான். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் ஜன்னலின் கதவை இழுத்துச் சாத்தப்போன ஊழியர், ஓட்டக் கால்சட்டையோடு பாய்ந்து வந்த பெண்ணையும், பின்னால் குடையோடு வந்த அம்மாளையும், இன்னும் மூன்று பேரையும் பார்த்து, கதவைப் பாதியிலேயே விட்டார்.

"இத்தனை பேர் சேர்ந்து ஒரே கடுதாசியா?"

"ஒண்ணுதாங்க," என்றாள் விசில்.

அவர் முகவரியைப் படித்தார், முத்திரையை இரண்டு தடவை குத்தினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.