வட்ட மெத்தைகளும் நாலாவது வார்த்தையும்

மெத்தைத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவளும் அங்கே மேலாளராக இருந்தவளும் அண்ணி, நாத்தனார். கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நாத்தனார் மேடம் ஆகிவிடுவாள். அண்ணி மட்டும் அண்ணியாகவே இருப்பாள். "அண்ணி, அந்த பிரின்டர் என்ன ஆச்சு?" என்று மேடம் மீட்டிங்கில் கேட்டுக் கேட்டு, நரைத்த மீசை வாட்ச்மேன் உட்படத் தொழிற்சாலை முழுவதும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டது.

வார விடுமுறையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அண்ணி சர்வருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினாள். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. திங்கட்கிழமை காலை அவள் பையைக் கழற்றி வைப்பதற்குள் வெட்டும் மெஷின்காரர் வாசலில் நின்றார்.

"அண்ணி, வட்ட மெத்தை எத்தனை வெட்டணும்?"

"ஒண்ணு. ஒருத்தர்தானே கேட்டிருக்கார்."

"ஒண்ணு வெட்டியாச்சு. அப்புறமும் ஸ்கிரீன் கேக்குது. வெட்ட வெட்ட இன்னொண்ணு கேக்குது."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"ஸ்கிரீன்ல வந்தா வெட்டு, யோசிக்காதேன்னு மேடம் போன மாசம்தான் திட்டினாங்க. நான் யோசிக்கறதை விட்டுட்டேன்."

அண்ணி எட்டிப் பார்த்தாள். நடைபாதையில் ஆள் உயர வட்ட மெத்தைகளை இருவர் சக்கரம் போல உருட்டிக்கொண்டு போனார்கள். கிடங்கு நிறைந்துவிட்டதால் இடம் கண்ட பக்கமெல்லாம் சாய்த்து வைத்தார்கள். மேடத்தின் அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும் கதவு. அதன் மேலும் சாய்த்தார்கள். உள்ளே மேடம் போனில் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

கோளாறு எங்கே என்று அண்ணிக்கு அரை மணியில் புரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை. சர்வரிலிருந்து, ஆர்டர்களையெல்லாம் சேமிக்கும் டிஸ்க் அலமாரிக்கு வலது, இடது என இரண்டு கேபிள்கள் போயின. ஒன்று செத்தால் மற்றதுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலைக் கவனிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய சின்ன நிரல், இருந்தது. இப்போது இரண்டு கேபிளும் நன்றாக இருக்கும்போதே அது வலதிலிருந்து இடதுக்கும் இடதிலிருந்து வலதுக்கும் ஓயாமல் தாவியது. ஒவ்வொரு தாவலின்போதும், கடைசி ஆர்டர் பதிவாயிற்றா இல்லையா என்ற சந்தேகத்தில் கம்ப்யூட்டர் அதையே திரும்ப அனுப்பியது. கடைசி ஆர்டர் அந்த வட்ட மெத்தை.

என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று அவள் வலது கேபிளைப் பிடுங்கினாள். எல்லாம் அடங்கியது. மறுபடி சொருகினாள். நடைபாதையில் ஒரு மெத்தை உருண்டது. பிடுங்கினாள். அடங்கியது. மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், வலது கேபிளைப் பிடுங்கிட்டா ஒழுங்கா ஓடுது."

"அப்பப் பிடுங்கியே வைங்க அண்ணி."

"இடது போச்சுன்னா மொத்தமும் படுத்துடும்."

மேடம் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஆளைப் பக்கத்துல போடுங்க. வலது கேபிளைக் கையில வச்சுக்கிட்டு இருக்கட்டும். இடது போனா டக்குனு சொருகட்டும். யாரு சும்மா இருக்கா?"

அந்தத் தொழிற்சாலையில் சும்மா இருப்பதையே வேலையாகச் செய்தவர் ஒருவர்தான். புது மெத்தைகளில் படுத்துப் பார்த்து, முதுகு என்ன சொல்கிறது என்று தெரிவிப்பவர். சொகுசு அண்ணன் என்பார்கள். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"உக்காந்தா, படுத்தா?" என்று அவர் கேட்டார்.

"உங்க இஷ்டம்."

"எனக்கு உக்காந்து பழக்கம் இல்லைம்மா."

வட்ட மெத்தைக்கா பஞ்சம்? ஒன்றை உருட்டி வந்து சர்வர் அலமாரிக்குப் பக்கத்தில் போட்டார்கள். கேபிள் நுனியை நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்தபடி அவர் படுத்துக்கொண்டார்.

அண்ணி ஸ்கிரிப்ட்டைத் திறந்தாள். முதல் வரியே, 'இதை யாரும் தொடக் கூடாது' என்றிருந்தது. எழுதியவள் மேடம், மேலாளர் ஆவதற்கு முன் இதே நாற்காலியில் இருந்தபோது எழுதியது. அண்ணி மறுபடியும் போன் போட்டு, உங்கள் ஸ்கிரிப்ட்டில் கை வைக்கப் போகிறேன் என்று பதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓடுச்சுல்ல? அப்கிரேட் பண்ணது நீங்க. தப்பு என்னோடதா?" என்று கேட்டுவிட்டு மேடம் போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு தன் அண்ணனுக்கு அடித்தாள். அதே நேரத்தில் அண்ணியும் கணவனுக்கு அடித்தாள். அவன் பல் டாக்டர். கிளினிக் போனில் தங்கை, செல்போனில் மனைவி. கையில் உறை இருந்ததால் இரண்டையும் நர்ஸை விட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"அண்ணா, என் ஸ்கிரிப்ட் தப்புங்கறாங்க."

"தப்புன்னு சொல்லலைங்க. இப்பப் பொருந்தலைன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். ஒருத்தருக்குப் பல்லைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தவர் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றாள் மேடம்.

"முதல்ல யாராவது அதைப் படிச்சுப் பாத்தீங்களாங்கறார்னு நினைக்கிறேன். இல்ல, வலிக்குதுங்கறாரோ என்னவோ."

அண்ணி படித்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் படித்தாள். கேபிள் எப்படி இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் சர்வரைக் கேட்கும். சர்வர் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு வரி பதில் சொல்லும். அந்த வரியில் நாலாவது வார்த்தை 'active' என்றிருந்தால் கேபிளுக்கு உயிர் உண்டு. வேறு எதுவாக இருந்தாலும் செத்தது, அடுத்ததுக்குத் தாவு. புது ஆபரேட்டிங் சிஸ்டம் வரியின் நடுவே ஒரு வார்த்தையைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. நாலாவது இப்போது ஐந்தாவது ஆகிவிட்டது. ஆகவே ஸ்கிரிப்ட்டின் கணக்கில் இரண்டு கேபிளும் பிணம். ஒரு பிணத்தை விட்டு மற்றதுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றைப் பிடுங்கிவிட்டால் ஓட வேறு இடம் இல்லாததால் இருந்த இடத்தில் இருந்தது.

அப்போது திடீரென்று தொழிற்சாலை மொத்தமும் நின்றது. அண்ணி திரும்பிப் பார்த்தாள். சொகுசு அண்ணன் தூக்கத்தில் புரண்டு, கைக்கு எட்டிய இடது கேபிளையும் பிடுங்கி, இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை விடுவிக்கப் பார்த்தாள். அவர் இன்னும் இறுக்கிக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்துத்தான் இடது கேபிளை எடுத்துச் சொருக முடிந்தது.

இனித் தாங்காது என்று லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். கதவை மெத்தைகள் மறைத்திருந்தன. கதவுக்கு மேலே திறந்திருந்த ஜன்னலுக்கும் மெத்தைகளுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, தலை முதலில் போக, மேடத்தின் மேஜை மேல் இறங்கினாள்.

"கதவு திறக்க மாட்டேங்குது," என்றாள் மேடம். நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு நேரமா தட்டறேன் தெரியுமா? சண்டை போட்ட கையோட உங்களுக்குப் போன் பண்ண மனசில்லை. மேலாளர் கதவைத் தட்டறாங்கன்னா கோபமா இருக்காங்கன்னு நினைச்சு யாரும் வரலை."

அண்ணி லேப்டாப்பைத் திருப்பி, பழைய பதில் வரியையும் புதிய பதில் வரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் காட்டினாள். மேடம் விரல் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அஞ்சுன்னு மாத்திட்டாப் போச்சு."

"அடுத்த அப்கிரேட்ல ஆறா ஆச்சுன்னா? எண்ணவே வேண்டாம். அந்த வார்த்தை வரியில எங்க இருந்தாலும் தேடிப் பிடிக்கச் சொல்லிடலாம். முழு வார்த்தையா தேடணும், இல்லைன்னா 'inactive'ல கூட அது ஒளிஞ்சிருக்கும்."

மேடம் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று அண்ணி நினைத்தாள்.

"அண்ணி, நான் மாத்தட்டுமா?" என்றாள் மெதுவாக. "இந்த ரூமுக்கு வந்ததுலேருந்து யாரும் என்னை ஒண்ணையும் தொட விடறதில்லை. கையெழுத்து மட்டும் கேக்கறாங்க."

அண்ணி லேப்டாப்பை நகர்த்தினாள்.

மேடம் ஒரு விரலால் தட்டினாள். அண்ணி கம்ப்யூட்டர் அறைக்குப் போன் அடித்து, சொகுசு அண்ணன் எழும்வரை அடித்து, வலது கேபிளைச் சொருகச் சொன்னாள். மேடம் கடைசி எழுத்தை விட்டிருந்தாள். ஒரு வட்ட மெத்தை உருளும் சத்தம் கேட்டது. "ஒரு எழுத்து போச்சு பாரு," என்றாள் அண்ணி. மேடம் என்று சொல்ல மறந்துபோனாள். மேடமும் கவனிக்கவில்லை. திருத்தினாள். அமைதி. வலதைப் பிடுங்கச் சொன்னாள். ஒரே ஒரு தாவல், அமைதி. சொருகிவிட்டு இடதைப் பிடுங்கச் சொன்னாள். மறுபடி ஒரு தாவல். மெஷின்கள் சதுர மெத்தைகளை வெட்டும் சத்தம் வெளியிலிருந்து சீராக வந்தது.

"இனி நான் என்ன பண்றது?" என்று சொகுசு அண்ணன் போனில் கேட்டார்.

"ரெண்டையும் சொருகிட்டுப் போய் ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட்டா? இப்பத்தானே முழிச்சேன்."

கதவை விடுவிக்கச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். இருவரும் சந்து வழியாகவே வெளியே வந்தார்கள். மேடம் தன் வேலையைப் பார்க்கப் போகவில்லை. அண்ணியின் பின்னாலேயே கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, அங்கே கிடந்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது ரிப்பேர் ஆகியிருக்கா அண்ணி?"

எதுவும் ஆகவில்லை. அப்படிச் சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டை எடுத்து, இதைக் கொஞ்சம் பாரேன் என்று கொடுத்தாள்.

மாலை டீ வருவதற்குள் அதுவும் நின்றுபோயிருந்தது. இருவரும் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்கள்.