விலக்கி வைக்கப்பட்ட துறைமுகம்

"உன் தங்கச்சி புருஷன் என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கான்" என்று சொல்லி, செந்தூர்பாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இங்கன வந்தா சிரிச்சாரு?" என்று கேட்டாள் சந்தனச்செல்வி.

"போன்ல. என் மீசைப் படத்துக்குக் கீழ சிரிப்பு மூஞ்சியைப் போட்டிருக்கான். ஊரு பூரா பாத்திருக்கு."

"சந்தோசத்துல போட்டிருப்பாரு."

"அடுத்தவன் மீசையைப் பாத்து ஒருத்தன் எதுக்குளா சந்தோசப்படணும்?"

சந்தனச்செல்வியின் அச்சம் வேறு. தங்கை ஐஸ்வர்யா, புன்னைக்காயல் மீனவர் குடும்பத்துக் கிளைட்டனைச் சாதி மாறி மணந்து முத்தையாபுரத்தில் குடியேறியதும், ஊர்க் கமிட்டி அவளை விலக்கி வைத்தது. அவள் வீட்டுக்குப் போகக் கூடாது. போனில் பேசக் கூடாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அழைக்கக் கூடாது. சமூக வலைத்தளம் குறித்துத் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. தீர்ப்புக் கூறியபோது அது ஊருக்குள் வந்திருக்கவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் சகோதரியர் இருவரும் நாள்தோறும் பேசிக்கொண்டனர். ஐஸ்வர்யாவுக்கு இது நிறைமாதம்.

அந்த வலைத்தளம் எந்தப் பெருநிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு சர்வர் வைத்துக்கொள்ளும். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும். இவ்வூர்ச் சர்வரின் பெயர் 'ஆற்றங்கரை'. செந்தூர்பாண்டியின் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் அது வீற்றிருந்தது. உரிமையாளர் என்னும் பெயர் அவருக்கு. அதைக் கட்டிக் காக்கும் வேலை கணினி படித்த மனைவிக்கு. முத்தையாபுரத்தில் கிளைட்டனும் ஐஸ்வர்யாவும் நடத்திய சர்வரின் பெயர் 'துறைமுகம்'.

வாய்க்கால் தண்ணீரையும் வாழைத்தாரையும் பற்றிப் பேசியவரை ஆற்றங்கரையில் சிக்கல் எழவில்லை. ஏசியவன், ஏசப்பட்டவனை மறுநாள் டீக்கடையில் பார்த்தாக வேண்டும். வேம்பார் வரையுள்ள சர்வர்கள் இணைந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கியது. எனவே மரியாதையைக் காக்கக் கமிட்டி விதிகள் இயற்றியது. எவரையும் 'அண்ணாச்சி' என்றே விளிக்க வேண்டும் என்பது முதல் விதி. அதன்படி, பிரசவித்த பெண்ணும் அவள் பெற்ற பெண்குழந்தையும் ஒரே நாளில் அண்ணாச்சிகள் ஆயினர்.

மாலையில் கமிட்டி செந்தூர்பாண்டியின் கூடத்தில் கூடியது. கிளைட்டன் சாஷ்டாங்கமாக விழுந்து, அதைப் படமெடுத்துப் போட வேண்டும் என்று தலைவர் சிவசுப்பிரமணியன் விதித்தார். கப்பல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளைட்டனிடமிருந்து உடனே பதில் வந்தது: "இப்ப கிரேன் மேல இருக்கேன். எறங்கினதும் விழுதேன். எந்தப் பக்கமா விழணும்னு மட்டும் சொல்லுங்க."

இது இரண்டாவது குற்றமாகக் கொள்ளப்பட்டது.

"துறைமுகத்தையே வெட்டிருவோம்" என்றார் சிவசுப்பிரமணியன்.

காப்பி கொண்டுவந்த சந்தனச்செல்வி தம்ளர்களைக் கீழே வைத்தாள். "மாமா, ஒருத்தர் தப்பாப் பேசினா மொதல்ல அவருகிட்ட சொல்லிப் பாக்கலாம். கேக்கலன்னா அவரை மட்டும் நிப்பாட்டலாம். அதுக்கு வசதி இருக்கு. அங்கன உள்ள மத்தவங்க என்ன செஞ்சாவ?"

"ஒருத்தனை நிப்பாட்டினா அவன் மட்டும்லா வருத்தப்படுவான், தாயி? கூண்டோட தள்ளிவெச்சாத்தான் தெருவே பயப்படும். நம்ம வழக்கம் அதுதான."

"சரி மாமா. ஆனா முன்னறிவிப்புக் குடுக்கணும். நீங்க போட்ட விதிதான்."

அவளே எழுதினாள்: 'அண்ணாச்சிமாரே, வெள்ளிக்கிழமை மாலை துறைமுகம் துண்டிக்கப்படும். அங்கே உறவினர் உள்ளோர், தம் கணக்கை முன்னதாக அங்கு மாற்றிக்கொண்டால் தொடர்பு அறாது. அங்குச் சேர, பழைய உறுப்பினர் ஒருவர் "இவரை அறிவேன்" எனச் சொல்ல வேண்டும். சேர்ந்தவர் தவறினால், அறிவேன் என்றவரே முதலில் அவரிடம் பேச வேண்டும்.'

கமிட்டி அதைக் கூர்ந்து படித்தது. 'அண்ணாச்சிமாரே' சரியாக இடம்பெற்றிருக்கக் கண்டு ஒப்புதல் அளித்தது.

கப்பல் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனோ, முத்தையாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகளோ இல்லாத வீடு அவ்வூரில் இல்லை என்பதைக் கமிட்டி எண்ணிப் பார்க்கவில்லை. பெண்கள் முதலில் மாறினர், ஆண்கள் பின்தொடர்ந்தனர். அவர்களுக்குத் தெரிந்த பழைய உறுப்பினர் ஐஸ்வர்யாதான். ஊரார் உச்சரிக்க அஞ்சிய பெயரை வீட்டுக்கு வீடு தட்டச்சு செய்தனர். நிறைமாதக்காரி ஒருக்களித்துப் படுத்தவாறே ஊர் முழுவதையும் 'அறிவேன், அறிவேன்' என்று ஒப்புக்கொண்டாள். அக்காளையும் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி சர்வருக்குச் சூடம் காட்டியது.

"நீங்களே பட்டனை அமுக்குங்க, மாமா. வழக்கம் உங்களுதுல்லா" என்றாள் சந்தனச்செல்வி.

தலைவர் அமுக்கினார். அதன்பின் ஆற்றங்கரையில் நிலவிய மரியாதைக்கு ஈடில்லை. கமிட்டியாரைத் தவிர அங்கே எஞ்சியது ஓர் உரக்கடை விளம்பரம்தான். நாகரிகம் குறித்துச் செந்தூர்பாண்டி எழுதிய கட்டுரையைப் பாராட்டிய அனைவரும், அப்போது அவர் வீட்டு சோபாவில்தான் அமர்ந்திருந்தனர்.

மறுவாரம் அடுக்களையில் சந்தனச்செல்வி கண்ணீரோடு சிரிப்பது கேட்டு அவர் எழுந்து வந்தார்.

"என்னளா?"

"ஐஸ்வர்யாவுக்குப் பிள்ளை பொறந்திருக்கு."

"என்ன பிள்ளை?"

"வெட்டுன எடத்துச் சேதியை இங்கன எப்படிச் சொல்ல? கமிட்டிகிட்ட கேட்டுட்டு வாங்க."

அவர் கமிட்டியிடம் போகவில்லை. கூடத்து மூலையில் அமர்ந்து, துறைமுகத்தில் சேர விண்ணப்பித்தார். 'உங்களை அறிந்த பழைய உறுப்பினர்?' என்னும் கட்டத்தில், வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு 'ஐஸ்வர்யா' என்று எழுதினார். 'என்ன உறவு?' என்னும் கட்டத்தில் 'ஊர்க்காரர்' என்று எழுதி அழித்தார். பிறகு 'கொழுந்தியா' என்று எழுதி அனுப்பினார்.

சற்று நேரத்தில் சந்தனச்செல்வியின் போனுக்கு ஐஸ்வர்யாவின் செய்தி வந்தது.

"அக்கா, செந்தூர்பாண்டின்னு ஒருத்தர் என்னைத் தெரியும்னு எழுதியிருக்காரு. எனக்கு ஞாபகம் வரல. நல்ல குடும்பமான்னு விசாரிச்சுச் சொல்லேன்."

சந்தனச்செல்வி அடுப்பை அணைத்தாள். நிலைப்படியில் சாய்ந்து நின்று, கூடத்தில் காத்திருந்த கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விசாரிக்கணும், கொஞ்ச நாளாகும்" என்று பதில் எழுதினாள்.