இடது பக்கம்

ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் ஒரு பழைய கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எட்டு மீட்டர் நீளம். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, சாப்பாட்டு மேசை, ஒடுங்கி நின்றால் குளிக்க ஓர் அறை. தெருவில் பாதியை அது அடைத்துக்கொண்டது.

"சினிமாவுல நடிக்கப் போறீங்களா மாமா?" என்று கேட்டான் லாரி ஓட்டும் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி.

முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவர் பெருமை. அந்தத் தைரியத்தில்தான், ஒன்றரை வருடம் கழித்து அவர் வண்டியைப் பழுதுபார்த்து முடித்ததும், மனைவியும் மலைப் பயணத்துக்குச் சம்மதித்தாள். முதல் நாளே அவளை முன் சீட்டில் உட்கார வைத்து, "நீதான் என் கண்டக்டர். இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்துச் சொல்லிக்கிட்டே வா" என்றார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவளும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

வண்டி நின்ற இடத்திலெல்லாம் டயரைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். அன்று குளித்துவிட்டு ஆவி வெளியேறட்டும் என்று சின்ன ஜன்னலைத் திறந்தவளுக்கு அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கீழ இறங்கினதும் நானே சொல்லிக்கிறேன்."

அவள் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினாள். இந்த வயதிலா என்று சிரிப்பு வந்தது. அவர் உள்ளே ஏறியதும் கேட்டாள்.

"யாருங்க போன்ல?"

"பழைய டிப்போ ஆளு."

இருபது வருடம் மருந்துக்கடையில் நின்றவள் அவள். டாக்டர் சீட்டை நீட்டுகிறவன் முகத்தைப் பார்த்தே அது அவன் சீட்டா, அடுத்தவன் சீட்டா என்று சொல்லிவிடுவாள். இவர் முகத்தில் இருந்தது அடுத்தவன் சீட்டு.

அன்று மதியம் ஒரு குறுகிய பாலத்தில் இடதுபக்கக் கண்ணாடி ஆளுயரத்துக்கு நட்டிருந்த ஓரக்கல்லில் இடித்து நொறுங்கியது. அவள் அப்போது பிளாஸ்கில் இருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கல்லை ரோட்டுக்குள்ள தள்ளி நட்டிருக்கான்" என்றார்.

அவள் இறங்கிப் பார்த்தாள். கல் மற்ற கற்களோடு நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில்தான் நின்றது. கீறலே போடாத மனுஷன் கல்லில் மோதுகிறார் என்றால், அந்தப் போன்காரி எந்த அளவுக்கு அவர் மனசைக் கலைத்திருக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

மலை உச்சியில், சாலை மறுபக்கம் இறங்கத் தொடங்கும் இடத்தில், பெரிய வண்டிகள் நிற்க ஒரு மைதானம் இருந்தது. அவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போன நேரத்தில் அவள் தேட ஆரம்பித்தாள். சட்டைப் பைகளில் ஒன்றுமில்லை. கருவிப் பெட்டியில், ஸ்பானர்களுக்கு அடியில், ஒற்றைச் சாக்ஸுக்குள் ஏதோ உருண்டது. சின்ன பிளாஸ்டிக் குப்பி. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். ஆனால் மஞ்சள் மூடியை மறைக்க முடியுமா? கடையில் அதை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தவள் அவள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியவர்களுக்கான சொட்டு மருந்து.

பொம்பளை விவகாரம் இல்லை என்று ஒரு நொடி நிம்மதி. அடுத்த நொடி அந்த ஓரக்கல் நினைவுக்கு வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தவர் மடக்கு நாற்காலியைப் போட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் போய், அவருடைய இடது கன்னத்துக்குப் பக்கத்தில் டம்ளரை நீட்டினாள். அவர் திரும்பவில்லை. டீயில் ஆடை படிகிற வரைக்கும் நீட்டியபடியே நின்றாள்.

"டீ போட்டியா இல்லையா?" என்று அவர் வலதுபுறம் திரும்பி வண்டிக்குள் குரல் கொடுத்தார்.

"கையில வெச்சுக்கிட்டுதான் நிக்கிறேன்."

திடுக்கிட்டுத் திரும்பியவர் அவளுடைய மறு கையில் இருந்த குப்பியைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"இடது கண்ணுல என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியும்."

"டாக்டர் ஓட்டலாம்னு சொன்னாரா?"

"சின்ன வண்டின்னா பார்க்கலாம்னாரு." அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. எதையும் ஓட்டக் கூடாதுன்னாரு."

"போன்ல யாரு?"

"உன் தம்பிதான். ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிட்டுப் போனான். திரும்பி வாங்கன்னு தினமும் திட்டுறான்." டம்ளரை வாங்கிக்கொண்டு, "முப்பத்தொரு வருஷம் ஒரே ஊருக்குள்ள செக்குமாடு மாதிரி சுத்தினேன். ஒரு மலையாவது ஏறிப் பார்க்கணும்னு இருந்துச்சு. சொன்னா நீ வந்திருக்க மாட்டே" என்றார்.

"மாட்டேன்தான். உங்க ஆசைக்கு என் உயிரையும் பணயம் வெச்சீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் சாவியை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள்.

"நீயும் கூட்டுக்களவாணி. உடனே கிளம்பி வா."

"அக்கா, மாமாதான் சத்தியம் வாங்கி…"

"வந்து பேசு."

அவன் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதுவரை வண்டி அசையவில்லை. அவள் சமைத்தாள். அவர் கூட்டினார், பாத்திரம் கழுவினார், ஓடாத வண்டியின் முன்கண்ணாடியைத் தினமும் துடைத்தார். கேட்டதற்கு மட்டும் பேச்சு.

தம்பி வந்ததும் இறக்கம் தொடங்கியது. அவர் பின்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "செகண்டுலயே இறக்குடா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பாதி இறக்கத்தில் பிரேக் சூடு ஆறட்டும் என்று தம்பி ஓரங்கட்டினான். அவள் எழுந்து போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"வலது கண்ணு எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்கு."

அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "அந்தப் போர்டைப் படிங்க."

"பஞ்சர் ஒட்டப்படும்."

"கீழ?"

"கீழ ஒண்ணும் எழுதல."

அவள் குனிந்து தானும் பார்த்தாள். உண்மையிலேயே ஒன்றும் எழுதவில்லை.

"சரி, அதுக்கும் தள்ளி தூரத்துல ஒண்ணு இருக்குல்ல," என்றாள். "அதைப் படிங்க."