அக்கரை நம்பர் பிளேட்டு

கொரீன் லவாலியின் லாரிக் கடை முற்றத்தில் கோடை தொடங்கியதிலிருந்து ஒரு வெள்ளை மின்சார லாரி நின்றுகொண்டிருந்தது. நிற்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. பார்க்க வந்தவர்கள் கதவைத் திறந்து மூடினார்கள், சத்தமே இல்லையே என்று வியந்தார்கள், ஓசிக் காப்பியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். கொரீனுக்கு வேண்டியிருந்தது அது இல்லை. முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டக்கூடிய டீசல் லாரி ஒன்று, ஒன்றே ஒன்று. வெஸ்ட் ஹார்லோ ஊருக்கு அதைக் கொடுப்பதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் ஊர்க்கூட்டத்தில்.

வெர்மான்ட் மாநிலத்தில் வேறு எங்கே உளறினாலும் தப்பித்துவிடலாம், மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் உளறிவிட்டுத் தப்ப முடியாது. பள்ளிக்கூட ஜிம்மில் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு சாக்கடைக் குழாய்க்காக மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டுகிற ஜனங்கள் அவர்கள். அன்றைக்குப் புதுப் பனி லாரி வாங்க ஒப்புக்கொண்டார்கள். யாரிடம் வாங்குவது என்று வந்தபோது, ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் மலிவாகக் கிடைக்குமே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இழுத்தது. அக்கரைக் கடை கொரீனின் அண்ணன் ஆர்மண்டுடையது. அப்பா கடையை மகளுக்கு எழுதிவைத்ததும் கோபித்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனவன். கொரீனுக்குச் சுருக்கென்றது. எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"அக்கரையில வாங்குனா, ஜனவரி குளிர்ல வண்டி மக்கர் பண்ணும்போது யாரைக் கூப்பிடுவீங்க? என் வண்டி முதல் பனிக்கு முன்னால உங்க ஷெட்டுல நிக்கும். நிக்கலைன்னா நானே மண்வெட்டியோட வந்து பனியைத் தள்ளறேன்."

சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். அவளுக்கு ஓட்டு விழுந்தது. அதன்பின் பீன்ஸும் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து லாரிக் கம்பெனி கையை விரித்தது. இந்த மாநிலத்தில் புகையில்லாத லாரி விற்கும் அளவுக்குத்தான் டீசல் லாரியும் விற்கலாம் என்பது அரசு விதி. விதி என்னவோ கம்பெனிக்குத்தான். ஆனால் தன் பாரத்தைத் தானே சுமக்கிற கம்பெனியை யார் பார்த்திருக்கிறார்கள்? அழகாகக் கடைக்காரர்கள் தலையில் இறக்கிவைத்தது. முதலில் மின்சார லாரியை விற்று இங்கே பதிவு செய்யுங்கள், பிறகு டீசல் வரும் என்றான் கம்பெனியின் வட்டார அதிகாரி கெண்டல். வெண்ணெய் தடவிய குரல் அவனுக்கு.

விதியை வாய் நிறையத் திட்டவும் கொரீனால் முடியவில்லை. போன கோடை வெள்ளம் அவள் கடைக்குள் முழங்கால் அளவு வந்து போனது. இந்தப் புகையெல்லாம் சேர்ந்து வானிலையைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டது என்று அவளுக்கே தெரியும். திட்ட முடியாத எரிச்சல் இரண்டு மடங்கு எரிச்சல். போதாக்குறைக்கு, அவளது மேஜைக்கு நேரே ஜன்னல். ஜன்னலில் ஆறு. ஆற்றுக்கு அப்பால் ஆர்மண்டின் முற்றம், வரிசை வரிசையாக டீசல் லாரிகள். அந்த மாநிலத்தில் அந்த விதி இல்லை. அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து ஊர் பேரில் பதிவு செய்யவும் வழியில்லை, இந்த மாநிலத்தின் புகைச் சான்று இல்லாத புது வண்டிக்கு இங்கே நம்பர் தரமாட்டார்கள்.

ஊரின் சாலைப் பொறுப்பாளர் ஏவரி பெல்கி வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். லாரி எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காப்பியை ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார், மேப்பிள் மரங்களைப் பார்ப்பார், இலை சிவந்துவிட்டது என்பார், போய்விடுவார். அடுத்த வாரம், இலை கொட்டிவிட்டது என்பார்.

அக்டோபர் கடைசியில் நீனா ஹாஸ்கெல் வந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். அப்பா காலத்திலிருந்து இங்கேதான் வண்டி வாங்குகிறாள். மின்சார லாரியை ஓட்டிப் பார்த்தாள், விடிகாலையில் அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் கிளம்பலாம் என்று சந்தோஷப்பட்டாள், வாங்கியும்விட்டாள். கொரீன் மெக்கானிக்குகளுக்கெல்லாம் ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தாள். கெண்டலைக் கூப்பிட்டாள்.

எந்த மாநிலத்தில் பதிவு என்று கெண்டல் கேட்டான். நியூ ஹாம்ப்ஷயர் என்றாள்.

"அப்போ அது கணக்குல வராதுங்க மேடம்."

"ஏங்க, அந்தப் பொண்ணு தினமும் பாலம் தாண்டி இந்தப் பக்கம்தான் ரொட்டி போடுது. வண்டி ஓடறதே எங்க ரோட்டுலதான்."

"எந்த ரோட்டுல ஓடுதுங்கறது கணக்கு இல்லைங்க மேடம். பிளேட்டுதான் கணக்கு."

போனை வைத்துவிட்டு கொரீன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த ஆறு அவளுக்கு எல்லையாக இருந்ததில்லை. சாராயம் மலிவு என்று அக்கரை போவார்கள், பல் பிடுங்க இக்கரை வருவார்கள். வண்டி வாங்க வருபவரிடம் நீ எந்தக் கரை என்று கேட்கிற பழக்கம் அவள் வீட்டிலேயே கிடையாது. டீசல் லாரியை வரவழைக்கக் கையில் இருந்தது ஒரே ஒரு லாரி. அதையும் ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்துக் கொண்டாடி அக்கரைக்கு அனுப்பிவைத்தாயிற்று.

நவம்பரில் ஏவரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். காப்பி எடுக்கவில்லை. ஊரின் பழைய பனி லாரியின் அடிச்சட்டம் இற்றுப்போய் இரண்டாகப் பிளந்துவிட்டதாம். வியாழக்கிழமை பனி என்று வானொலி சொல்கிறதாம்.

"கொரீன், ஸ்கூல் பஸ் மில் மேட்டுல ஏறணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் போன பிறகு கொரீன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளேட்டுதான் கணக்கு. எரிச்சலோடு அதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. அக்கரை நம்பரோடு ரொட்டி லாரி இங்கே ஓடலாம் என்றால் பனி லாரி மட்டும் ஏன் ஓடக்கூடாது? வழி இருந்தது. ஆனால் அந்த வழி அண்ணன் வீட்டு வாசல் வழியாகப் போனது. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவனோடு அவள் பேசியதில்லை. போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"என் வண்டி மக்கர் பண்ணும்னு கூட்டத்துல சொன்னியாமே," என்றான் ஆர்மண்ட், எடுத்த எடுப்பில்.

"சொன்னேன்."

"இப்போ?"

"இப்போ உன் வண்டி வேணும். எனக்கில்ல, ஊருக்கு. குளிர்காலம் முடியற வரைக்கும் வாடகைக்கு விடு. பிளேட்டு உன் பேருலயே இருக்கட்டும்."

குத்திக்காட்ட அவனுக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்கப்போவதில்லை. கொரீன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"மக்கர் பண்ணா யாரைக் கூப்பிடுவாங்க?"

"என்னைத்தான். நான் பார்த்துக் கொடுக்கறேன்."

"அப்பா உன்கிட்ட கடையைக் கொடுத்தது சும்மா இல்ல, கொரி," என்றான். "நாளைக்குக் காலையில அனுப்பறேன்."

நன்றி என்று சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

வியாழக்கிழமை பனி கொட்டித் தீர்த்தது. காலையில் ஸ்கூல் பஸ் மில் மேட்டில் ஏறுவதைக் கொரீன் கடை வாசலில் நின்று பார்த்தாள். பஸ் மேலே போனதும் ஆர்மண்டின் ஆரஞ்சு லாரி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. இந்த ஊர்ச் சாலையில், இந்த ஊர்க் காற்றில் புகை விட்டுக்கொண்டு, நியூ ஹாம்ப்ஷயர் நம்பரோடு அவளைக் கடந்து போனது. தள்ளிய பனி மொத்தத்தையும் அவள் கடை வாசலில் இடுப்பளவு வரப்பாகக் கொட்டிவிட்டுப் போனது. ஏவரி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

கொரீன் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். ஊர்க்கூட்டத்தில் சொன்னபடிதான்.

பாதி வரப்பு தள்ளியிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. கெண்டல். நல்ல சேதி என்றான். மின்சார லாரியை அவள் விற்ற வேகத்தைப் பார்த்து மேலிடமே அசந்துவிட்டதாம். இன்னும் இரண்டு அனுப்புகிறார்களாம்.

"டீசல்?"

"அதுக்கு இதை முதல்ல விக்கணும் மேடம்."

"அனுப்புங்க," என்றாள் கொரீன். "வாசல் தெரிஞ்சா உள்ள விடறேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு மீதிப் பனியைத் தள்ளத் தொடங்கினாள். சாலையின் மறுபக்கத்தைத் தள்ளிவிட்டு ஏவரி இன்னொரு தடவை இந்தப் பக்கம் வருவார்.